நாற்பது பிள்ளைகளோடு மலையில் இரண்டு இரவு: துணைக்குப் போகும் ஆசிரியருக்கு

கேட்டவர் ஓர் அறிவியல் ஆசிரியை. ஜனவரியில் அவர் பள்ளியில் இருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாற்பது பேரை ஜவ்வாது மலைக்கு அழைத்துப் போகிறார்கள். இரண்டு இரவு, கூடாரத்தில் தங்கல். துணைக்கு இவரையும் சேர்த்து நான்கு ஆசிரியர்கள். "எனக்குக் காட்டு அனுபவமே கிடையாது. கரடி, சிறுத்தை எல்லாம் இருக்கும் என்கிறார்கள். நான் என்னென்ன கவனிக்க வேண்டும்?" என்று கேட்கிறார்.

பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படையின் பொறுப்பாசிரியராகப் பல வருடம் இந்த வேலையைச் செய்தவன் என்ற முறையில் சொல்கிறேன். கரடியை முதலில் மனதில் இருந்து கொஞ்சம் இறக்கி வையுங்கள். ஜவ்வாது மலையில் கரடி உண்டுதான். ஆனால் நாற்பது பிள்ளைகள் போடும் சத்தத்துக்கு எந்தக் கரடியும் பக்கத்தில் வராது. விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் யாரும் தனியாகப் புதர் ஓரம் போகக்கூடாது, சாப்பாட்டு மிச்சத்தைக் கூடாரத்தைச் சுற்றிப் போடக்கூடாது. கரடிக்கு இவ்வளவு போதும். பள்ளிச் சுற்றுலாக்களில் பிள்ளைகள் உயிரிழந்த செய்திகளை வரிசையாக எடுத்துப் பாருங்கள். மிருகம் அநேகமாக இருக்காது. பஸ் இருக்கும், தண்ணீர் இருக்கும். உங்கள் பயத்தை அங்கே கொண்டுபோய் வையுங்கள்.

பஸ்ஸில் இருந்தே தொடங்குவோம். 2022 அக்டோபர் 5 இரவு, எர்ணாகுளம் மாவட்டத்துப் பள்ளி ஒன்றின் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஊட்டிக்குப் புறப்பட்ட சுற்றுலா பஸ், பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. ஐந்து மாணவர்கள், ஓர் ஆசிரியர், அரசு பஸ்ஸில் வந்த மூன்று பயணிகள் என 9 பேர் இறந்தார்கள். சாயங்காலம் கிளம்பி இரவு முழுக்க ஓட்டிக் காலையில் போய்ச் சேருவது என்பதுதான் நம் பள்ளிகளிலும் வழக்கமாகப் போடும் திட்டம். ஒரு நாள் வாடகை மிச்சம் என்று கணக்குச் சொல்வார்கள். நீங்கள் ஒப்புக்கொள்ளாதீர்கள். காலை ஆறு மணிக்குக் கிளம்புங்கள், இருட்டுவதற்கு முன் மலை ஏறி முடித்துவிடுங்கள். வண்டியின் எஃப்.சி., பெர்மிட், இன்சூரன்ஸ் எல்லாம் அலுவலகத்தில் பார்ப்பார்கள். நீங்கள் பார்க்க வேண்டியது டிரைவரின் கண்ணை. முந்தைய நாள் இரவு எங்கே ஓட்டினார், எத்தனை மணிக்குப் படுத்தார் என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் டிரைவர் இருந்தால், அவரைப் பற்றித் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலைப் பாதையில் ஓட்டிப் பழகியவரா என்பதும் முக்கியம். ஓட்டும்போது டிரைவர் அருகே பிள்ளைகள் போய் நின்று பாட்டு மாற்றச் சொல்வதை அனுமதிக்காதீர்கள்.

வளைவுகளில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை முன்பக்க இருக்கையில் உட்கார வையுங்கள், வயிறு முட்டச் சாப்பிட விடாதீர்கள், கவர் கையில் இருக்கட்டும். மாத்திரை கொடுப்பதென்றால் பெற்றோர் எழுதிக் கொடுத்ததை மட்டும்.

அடுத்தது தண்ணீர். இதற்கு நான் அதிக நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2007 பிப்ரவரி 20 அன்று கேரளத்தின் தட்டேக்காடு பறவைகள் சரணாலயத்துக்குப் போன பள்ளிக் குழு ஒன்றின் படகு பெரியாற்றில் மூழ்கியது. 15 பிள்ளைகளும் 3 ஆசிரியர்களும் இறந்தார்கள். படகில் ஏற்ற வேண்டிய அளவுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். 2014 ஜூன் 8 அன்று ஹைதராபாத்தில் இருந்து இமாசலம் போன பொறியியல் மாணவர்கள் பியாஸ் ஆற்றுப் பாறைகளில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தபோது, மேலே லார்ஜி அணையில் இருந்து தண்ணீர் திறக்கப்பட்டு 24 மாணவர்கள் அடித்துச் செல்லப்பட்டார்கள். அவர்கள் நின்ற நேரத்தில் அந்தப் பாறைகளைத் தாண்டித் தண்ணீர் இல்லை. ஆற்றில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க முடியாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

ஜவ்வாது மலையில் பெரிய அணை இல்லை, சரி. ஆனால் ஜமுனாமரத்தூர் பக்கம் பீமன் நீர்வீழ்ச்சிக்கு எல்லோரும் போகத்தான் ஆசைப்படுவார்கள். பாசி படிந்த பாறை வழுக்கும். மேலே எங்கோ மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே நீர் ஏறும். தெளிவாக ஓடிய தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, ஒரு நிமிடம் கூடத் தாமதிக்காமல் எல்லோரையும் கரையேற்றுங்கள். என் விதி எளிமையானது: முகாமில் யாரும் குளிக்கத் தண்ணீரில் இறங்குவதில்லை. பார்க்கலாம், கரையில் உட்காரலாம், அவ்வளவுதான். பி.இ.டி. சார் ஒருவர் "நான் இருக்கேன், எனக்கு நீச்சல் தெரியும்" என்று சொல்வார். நாற்பது பேரில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் சறுக்கினால் அவரால் ஒருவரைத்தான் பிடிக்க முடியும். அதுவும் பிடிபட்டவன் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் இருந்தால். நீரில் விழுந்தவரைக் காப்பாற்றப் பின்னாலேயே குதித்து இரண்டாவது, மூன்றாவது ஆள் போவதைத்தான் செய்திகளில் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். கயிறு, துப்பட்டா, நீளமான கம்பு, காலிக் குடம் எதையாவது எறியுங்கள். நீங்கள் இறங்காதீர்கள். இதைப் பிள்ளைகளுக்கும் கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். அங்கே போய்ச் சொன்னால் அருவிச் சத்தத்தில் காதில் விழாது.

கோமுட்டேரி என்ற ஏரியில் படகில் ஏறுவதென்றால் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட், கட்டி முடித்த பிறகே ஏறுவது. இல்லையென்றால் படகு வேண்டாம்.

எண்ணிக்கை பற்றி ஒரு வார்த்தை. "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டு "வந்தாச்சு" என்று நாற்பது குரல் பதில் சொல்வது எண்ணிக்கை ஆகாது. ஒவ்வொருவருக்கும் ஓர் எண், பஸ்ஸில் ஏறும்போதே கொடுத்துவிடுங்கள். இரண்டு பேராக ஜோடி. ஒருவர் இல்லையென்றால் மற்றவர்தான் முதலில் சொல்ல வேண்டும். ஒரு ஆசிரியர் எண்ணி முடித்ததும் இன்னொருவர் தனியாக எண்ண வேண்டும். முதலாமவர் எண்ணிய எண்ணை இரண்டாமவருக்கு முன்கூட்டிச் சொல்லக்கூடாது, சொன்னால் அவருக்கும் அதேதான் வரும். நடையில் முன்னால் உள்ளூர் வழிகாட்டி, கடைசியில் ஓர் ஆசிரியர். அந்தக் கடைசி ஆசிரியருக்குப் பின்னால் எந்தப் பிள்ளையும் இருக்கக்கூடாது, ஒன்றுக்குப் போனாலும் சரி, செருப்பு வார் அறுந்தாலும் சரி.

வழிகாட்டி என்றதும் சொல்ல வேண்டியது: மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களில் ஒருவரை, முறையான கூலி பேசி, வழிகாட்டியாக அமர்த்துங்கள். எந்தப் பாறை முகட்டில் மலைத்தேனீக் கூடு இருக்கிறது என்று கூகுள் மேப்புக்குத் தெரியாது, அவருக்குத் தெரியும். மலைத்தேனீ கரடியைவிட எத்தனையோ மடங்கு நிஜமான ஆபத்து. ஒரு பையன் விளையாட்டாக எறியும் கல், கொஞ்சம் புகை, சில நேரம் பாடி ஸ்பிரே வாசனை கூடப் போதும். கிளம்பிவிட்டால் முகத்தை மூடிக்கொண்டு நேராக ஓட வேண்டும், பஸ்ஸுக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ புகுந்து அடைத்துக்கொள்ள வேண்டும். கொட்டிய கொடுக்கை உடனே வழித்து எடுத்துவிடுங்கள். உதடு வீங்கினாலோ மூச்சு இரைத்தாலோ வீட்டு வைத்தியம் பார்க்காமல் 108.

அனுமதி விஷயம். காப்புக் காட்டுக்குள் நம் இஷ்டத்துக்கு நடக்கவோ கூடாரம் அடிக்கவோ முடியாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றக் குழுவினர் 23 பேர் இறந்த பிறகு, தமிழக அரசு மலையேற்றத்துக்கென்றே தனி விதிகள் கொண்டுவந்தது. எனவே கல்வித் துறை அனுமதியோடு வனச்சரகரின் அனுமதியும் எழுத்தில் வேண்டும். ஜவ்வாது மலை சந்தன மரக் காடு. ஒரு குச்சி உடைத்தாலும் வனத்துறையினர் கேள்வி கேட்பார்கள், கேட்பதும் நியாயம். குரங்கணியில் இருந்து ஆசிரியர் கற்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. தீ மேட்டை நோக்கி ஏறும்போது வேகம் எடுக்கும், காய்ந்த புல் சரிவில் மனிதன் அதை ஓடி ஜெயிக்க முடியாது. ஜனவரியில் புல் இன்னும் முழுக்கக் காய்ந்திருக்காது. ஆனாலும் கேம்ப் ஃபயர் கேட்டுப் பிள்ளைகள் நச்சரிப்பார்கள். முகாம் இடத்தில் அதற்கென்று சுத்தம் செய்த மண் தரையும், பக்கத்தில் நான்கு வாளித் தண்ணீரும், கடைசிக் கங்கு அணையும் வரை நிற்க ஓர் ஆசிரியரும் இருந்தால் சின்னதாக மூட்டலாம். பிப்ரவரிக்குப் பிறகு என்றால் பேச்சே இல்லை.

இனி இரவு. துணைக்குப் போகும் ஆசிரியரின் உண்மையான வேலை இரவு பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது.

கூடாரப் பட்டியலை நீங்களே போடுங்கள், ஊரிலேயே, கிளம்பும் முன்பே. பிள்ளைகள் விருப்பத்துக்கு விட்டால் ஊரில் ஒரே தெருவில் இருப்பவர்கள் ஒரே கூடாரத்தில் சேர்ந்துவிடுவார்கள். அந்தத் தெரு எதை வைத்துப் பிரிந்தது என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரும் கூப்பிடாத ஒன்றிரண்டு பிள்ளைகள் கடைசியில் மிஞ்சி நிற்பார்கள். அந்த நிலைமை அவர்களுக்கு வரக்கூடாது. சாப்பாட்டுப் பந்தியும் அப்படியே. எண் வரிசையில் உட்காருங்கள் என்று ஒரு முறை சொன்னால் போதும், காரணம் விளக்க வேண்டாம்.

பெண் பிள்ளைகள் கூடாரங்களுக்கு நடுவில் ஆசிரியைகளின் கூடாரம். நான்கு பேரில் ஆசிரியைகள் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும், ஒருவர் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவர் வேண்டுமே. ஆண் ஆசிரியர்களோ முகாம் நடத்தும் இளைஞர்களோ எந்தக் காரணத்துக்கும் பெண் பிள்ளைகள் கூடாரத்துக்குள் போகக்கூடாது. பையன்கள் கூடாரத்துக்கும் ஒரு பெரியவர் தனியாகப் போக வேண்டாம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய இடத்தில் தனியாக இருக்கக்கூடாது, அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும். நல்லவருக்கும் இது பாதுகாப்புத்தான். ஒரு பிள்ளை வந்து தனக்கு நடந்த எதையாவது சொன்னால், ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடவோ, தலைமையாசிரியர் பார்த்துக்கொள்வார் என்று விடவோ சட்டப்படி உங்களுக்கு உரிமை இல்லை. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களில் இருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரியவந்தவர் காவல்துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098 எல்லா ஆசிரியர் கைப்பேசியிலும் இருக்கட்டும்.

ஆசிரியர்கள் முறை வைத்து விழித்திருங்கள். இரவு இரண்டு மணி நேரத்துக்கு ஒருவர். முதல் இரவு யாரும் தூங்க மாட்டார்கள், அதை ஏற்றுக்கொண்டு திட்டம் போடுங்கள். இரண்டாம் நாள் காலையில் நீண்ட நடை வைக்காதீர்கள். தூக்கம் இல்லாத பிள்ளைகளுக்குத்தான் கால் பிசகும், சண்டை வரும், அழுகை வரும்.

பாம்பு பற்றிப் பிள்ளைகளைவிடப் பெற்றோர்தான் அதிகம் கேட்பார்கள். தரையில் ஜமுக்காளம் விரித்துப் படுப்பவரை இரவில் கடிப்பது பெரும்பாலும் கட்டுவிரியன். கடி வலிக்காது, பல் பட்ட அடையாளம் கூடச் சரியாகத் தெரியாது. சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, இமை சொருகல், விழுங்க முடியாமை என்று வரும். அதனால் இரவில் ஒரு பிள்ளை "வயிறு வலிக்குது, கண்ணைத் திறக்க முடியல" என்றால் இஞ்சிக் கஷாயம் தேடாமல் வண்டியை எடுங்கள். நல்ல செய்தி என்னவென்றால், ஜிப் முழுக்க மூடிய, அடித்துணி கிழியாத கூடாரம் பள்ளிக்கூட ஹாலின் தரையைவிடப் பாதுகாப்பானது. ஆனால் ஜிப் மூடியிருக்க வேண்டும், பகலிலும். ஷூ உள்ளே இருக்க வேண்டும், காலையில் தட்டிப் போட வேண்டும். தின்பண்டம் உள்ளே இருக்கக்கூடாது. முறுக்குக்கு எலி வரும், எலிக்குப் பாம்பு வரும். கழிப்பறைக்கு மூன்று பேராக, டார்ச் அடித்துத் தரையைப் பார்த்துக்கொண்டு. கடித்துவிட்டால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்துத் தூக்கிக்கொண்டு போங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான். அதற்கு வேண்டிய விஷத்தைச் சென்னைக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978 முதல் இயங்கும் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துக் கொடுக்கிறது. மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம். கிளம்புவதற்கு முந்தைய நாளே முகாமுக்குப் பக்கத்து மருத்துவமனைக்கு ஃபோன் போட்டு, விஷமுறிவு மருந்து இருப்பில் இருக்கிறதா, இரவில் டாக்டர் இருப்பாரா என்று கேட்டுவிடுங்கள். இல்லை என்று சொன்னால் அடுத்தது எது, எத்தனை நிமிடம் என்று எழுதி வையுங்கள். பஸ் இரவில் முகாமிலேயே நிற்க வேண்டும், டிரைவரும் அங்கேயே படுக்க வேண்டும். கைப்பேசிச் சிக்னல் மலையில் பல இடத்தில் வராது. எந்த மேட்டில் கிடைக்கிறது என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவப் படிவத்தில் பெற்றோர் எல்லாவற்றையும் எழுத மாட்டார்கள். வலிப்பு இருக்கிறது என்று எழுதினால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்ற பயம். படுக்கையை நனைக்கும் பழக்கத்தை எழுதக் கூச்சம். அதனால் நாற்பது வீட்டுக்கும் ஃபோன் செய்யுங்கள். "எழுதாதது ஏதாவது இருந்தா சொல்லுங்கம்மா, கூட்டிட்டுத்தான் போவோம்" என்று கேட்டால் சொல்லிவிடுவார்கள். வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலர் பையின் அடியில் இருக்கக்கூடாது, ஒன்று அவன் பாக்கெட்டில், ஒன்று உங்களிடம். நாப்கின் தாராளமாக எடுத்துப் போங்கள், பழைய செய்தித்தாளும் மூடியுள்ள வாளியும் கூடவே. முதல் முறை அங்கே வைத்து வரும் பிள்ளையும் இருக்கலாம். ஸ்வெட்டர் இல்லாத பிள்ளைகள் சிலர் இருப்பார்கள், அவர்கள் கேட்க மாட்டார்கள். நான்கைந்து போர்வை அதிகமாக ஏற்றிவிடுங்கள், ஜனவரிக் குளிர் மலையில் சும்மா இருக்காது.

இவ்வளவும் சொல்லிவிட்டு, எதற்காகப் போகிறோம் என்பதையும் சொல்லாவிட்டால் சரியில்லை. காலை ஆறு முதல் இரவு பத்து வரை அட்டவணை போட்டு, விளையாட்டு, வினாடி வினா, குழு நடனம் என்று நிரப்பிவிடுவது நம் ஆட்களின் பழக்கம். அதைப் பள்ளி மைதானத்திலேயே செய்யலாமே. பாதியை வெட்டுங்கள். ஒரு மாலை, பிள்ளைகளைப் பத்தடி இடைவெளியில் தனித்தனியாக உட்கார வைத்து இருபது நிமிடம் யாரும் பேசக்கூடாது என்று சொல்லிப் பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் சிரிப்பு, அப்புறம் எறும்பு, அப்புறம் பறவைச் சத்தம். முடிந்ததும் என்ன கேட்டது என்று மட்டும் கேளுங்கள், மதிப்பெண் போடாதீர்கள். வகுப்பில் வாயே திறக்காத பையன் எட்டு விதமான சத்தம் சொல்வான்.

இரவில் வானம். ஜவ்வாது மலைக்குப் போகிறவர்களுக்கு இது பெரிய கொடுப்பினை. இந்தியாவின் பெரிய தொலைநோக்கிகளில் ஒன்றான 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி 1986 முதல் காவலூரில் இருப்பது இந்த மலையில்தான். 1988இல் அங்கிருந்து கண்டுபிடித்த சிறுகோளுக்கு ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். பொதுமக்களைச் சனிக்கிழமைகளில் அனுமதிப்பது வழக்கம், முன்கூட்டிக் கேட்டு அதற்கேற்பத் தேதியை வையுங்கள். அமாவாசையை ஒட்டிய வாரம் என்றால் இன்னும் நல்லது. முகாமில் எல்லா டார்ச்சையும் அணைத்து இருபது நிமிடம் காத்திருந்தால் கண் பழகிவிடும். ஜனவரி நடுவில் இரவு எட்டு மணிக்குத் தலைக்கு மேல் கார்த்திகை, அதற்குச் சற்றுக் கிழக்கே ரோகிணி, இன்னும் கிழக்கே சிவப்பாகத் திருவாதிரை. தங்கள் நட்சத்திரம் என்று கோயில் அர்ச்சனையில் சொல்லும் பெயர் நிஜமாகவே மேலே இருக்கிறது என்று பல பிள்ளைகளுக்கு அப்போதுதான் தெரியும். 2019 கடைசியில் அந்தத் திருவாதிரை வெறும் கண்ணால் பார்த்தாலே வித்தியாசம் தெரியும் அளவுக்கு மங்கிப்போய், சில மாதத்தில் மறுபடி பழையபடி ஆனதையும் சொல்லுங்கள். ஒன்பது மணி வாக்கில் தெற்கே தாழ்வாக ஒளிரும் வெள்ளை நட்சத்திரம் அகத்தியர். லண்டனில் இருந்து பார்க்கவே முடியாத நட்சத்திரம் அது.

கைப்பேசியைப் பிள்ளைகளிடம் வாங்கி வைப்பதா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கி வையுங்கள். ஆனால் ஆசிரியர்களும் வைக்க வேண்டும், அவசரத்துக்கு ஒன்றைத் தவிர. பிள்ளைகள் தூங்கும் படத்தை ஸ்டேட்டஸில் போடும் சக ஆசிரியர் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள்.

திரும்பி வந்த பிறகு ஒன்று பாக்கி இருக்கிறது, பலருக்கும் தெரியாதது. வேலூர், திருவண்ணாமலைப் பகுதியில் மழை முடிந்த குளிர் மாதங்களில் ஸ்கரப் டைஃபஸ் என்ற காய்ச்சல் வரும். புதரிலும் புல்லிலும் இருக்கும், கண்ணுக்குச் சரியாகத் தெரியாத செள்ளுப் பூச்சிக் குஞ்சு கடித்துப் பரவுவது. கடித்து ஆறு நாளில் இருந்து மூன்று வாரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் காய்ச்சல் தொடங்கலாம். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கில் சிகரெட் சுட்டது போலக் கறுத்த, வலிக்காத பொருக்கு இருக்கலாம். பிள்ளை கூச்சத்தில் காட்டாது. ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் டாக்ஸிசைக்ளின் போன்ற விலை குறைந்த மாத்திரையிலேயே குணமாகும். விட்டுவிட்டால் நுரையீரல், சிறுநீரகம் வரை போகும். முகாமில் புல்லில் நேரடியாக உட்காராமல் தார்ப்பாய் விரிப்பது, முழுக்கால் பேன்ட், சாயங்காலம் உடை மாற்றுவது ஆகியவை உதவும். அதோடு ஒப்புதல் படிவத்தின் பின்பக்கத்திலேயே இதை அச்சடித்துப் பெற்றோரிடம் கொடுத்துவிடுங்கள்: மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், பிள்ளை மலையில் கூடாரத்தில் தங்கியது என்று டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லவும்.